திருமலையில் நிலைத்த அக்கன் திருப்பெயர்

சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, போளூரை அடுத்து அமைந்துள்ளது திருமலை. பகவான் நேமிநாதர் நெடிய திருமேனியராய்க் காட்சி தரும் இத்தலத்தில், குந்தவைப் பிராட்டியாரின் பெயர் தாங்கி விளங்குவது ஸ்ரீகுந்தவை ஜினாலயம்.

பிராட்டியார் சுந்தர சோழரின் திருமகளார். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசரின் தமக்கையார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அம்மன்னர், தம் கொடைக்கு அடுத்தபடியாக அக்கனின் கொடையையும், அதன் பின்னரே தேவியரின் கொடையையும் குறித்தார். மருமகன் இராசேந்திரரின் ஆட்சியையும் கண்டு வாழ்ந்த அம்மையார், தந்தையார் பெயரால் தஞ்சையில் ஆதுலர் சாலை நிறுவினார். தாதாபுரத்தில் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் அருகதேவனுக்கும் கோயில்கள் எடுப்பித்தார்.

ஒருவர் தொடங்கிய அறம் பிறர் கைகொடுத்தாலன்றி நிலைக்காது. இராசேந்திரர் காலத்துத் திருமலைக் கல்வெட்டு அதற்குச் சான்று. மல்லியூர் வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் அளித்தார். அரசகுலத்து மூதாட்டியின் அறத்தை வணிகர் இல்லத்துப் பெண்மணி தமதாக ஏற்றார்.

நம் இல்லங்களிலும் மூத்த தாய்மார் ஏற்றிவைத்த விளக்குகள் உள்ளன. அவை அணையாமல் எண்ணெய் வார்ப்பதே அவர்களை நினைத்துப் போற்றும் முறையாகும்.