திருவல்லிக்கேணி: ஓதமும் கேணியும்

வங்கக் கடலோரத்தில் அமைந்த தொண்டை நாட்டுத் திவ்யதேசங்களுள் திருவல்லிக்கேணி ஒன்று. இன்று மாநகரின் நெருக்கத்தில், வீதிகளுக்கு நடுவே எம்பெருமானை ஸேவிப்பவர்க்கு அலையோசை கேட்பதில்லை. ஆகவே ஆழ்வார்கள் இத்தலத்திற்கு அருளிய கடல் வர்ணனையைக் கவிமரபு பற்றிய அலங்காரம் என்று கொள்ள இடமுண்டு. இவ்வூரின் வரலாற்றை நோக்கின் அங்ஙனம் கொள்வது பொருந்தாது என்பது விளங்கும்.

இத்தலத்திற்கு மங்களாசாசனப் பாசுரங்கள் பன்னிரண்டு. மயிலையில் அவதரித்த பேயாழ்வார், அலைகள் கரையில் எறியும் பவளமும் முத்துமே இங்கு அந்தி விளக்குகளாகின்றன என்று மூன்றாம் திருவந்தாதியில் அநுபவிக்கிறார். திருமழிசைப்பிரான், ஓதம் வந்து மோதும் இவ்வூரில் அரவணைமேல் வாய் திறவாது கண்வளர்ந்தருளுவது உலகளந்த அயர்வாலோ என்று நான்முகன் திருவந்தாதியில் வினவுகிறார். ஓயாது ஒலிக்கும் கடலருகே பேசாது கிடக்கும் பெருமானைக் காட்டும்போது, அவ்வொலியே அம்மௌனத்தை உணர்த்தும் கருவியாகிறது. கடலை நீக்கிவிட்டால் பாசுரத்தின் சுவையில் ஒரு பகுதி குன்றிவிடும்.

திருமங்கையாழ்வாரோ பெரிய திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் இத்தலத்திற்கே அருளினார். இங்கு எழுந்தருளியுள்ள ஐந்து திருமேனிகளும் அதில் இடம்பெறுகின்றன. பதிகத்தின் நிறைவில், பொழிலும் வாவியும் மதிளும் மாளிகையும் மண்டபமும் தொண்டையர்கோன் செய்தவை என்கிறார். ஆழ்வார்கள் இவ்வூரை மயிலையோடு சேர்த்தே பாடியிருப்பதால், இது அந்நாளில் அத்துறைமுக நகரைச் சார்ந்திருந்தமை புலனாகும்.

பல்லவர் தொடர்பைக் கோயிற் கல்வெட்டும் உறுதிசெய்கிறது. தந்திவர்மனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அச்சாசனம், கோயில் நிலம் அடகு வைக்கப்பட்டதால் திருவமுதுபடி குறைந்ததையும், புகழ்த்துணை விசையரையன் என்பான் அந்நிலத்தை மீட்டு, முன்போல் திருவமுது நடைபெறச் செய்ததையும் கூறுகிறது. மன்னன் மதிள் எழுப்பிய தலத்திலும் நித்தியப்படி தானாக நிலைபெற்றுவிடவில்லை. குறை நேர்ந்தபோது அதைத் தன் கடமையாகக் கொண்ட ஒருவன் வேண்டியிருந்தது.

இவ்வூரின் மற்றொரு நீர்நிலை, ஊருக்குப் பெயர் தந்த கேணி. கைரவிணி என வழங்கும் இத்திருக்குளத்தின் கரையில் ஆஸூரி கேசவ சோமயாஜியார் புத்திரப்பேறு வேண்டி வேள்வி இயற்றினார் என்றும், அதன் பயனாகவே எம்பெருமானார் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்தார் என்றும் குருபரம்பரை வழக்கு கூறும். கடலுக்கு இத்துணை அருகில் நன்னீர்க் கேணி அமைந்ததற்கு இயற்கைக் காரணமும் உண்டு. மணலில் இறங்கும் மழைநீர், உவர்நீரைவிட இலேசானதாதலால் அதன்மேல் படிந்து நிற்கும். அந்நீரே மக்கள் குடியேறவும் கோயில் நிலைபெறவும் ஆதாரமாயிற்று.

பிற்காலத்தில் சந்நிதிகள் பெருகின. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் சேப்பாக்கம் மாளிகை 1768இல் எழுந்தது. வாலாஜா பள்ளிவாசல் 1795இல் அமைந்தது. மாடவீதிகளை அடுத்தே இஸ்லாமியர் குடியிருப்புகளும், கரையில் மீனவர் குப்பங்களும் அமைந்து, ஊர் பல மரபினர்க்கும் இடமாயிற்று.

கரையின் தோற்றத்தை மாற்றியது துறைமுகம். 1870களில் வடக்கே அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின; 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தபின் மீண்டும் கட்டப்பட்டன. இக்கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. சுவர்கள் அதைத் தடுத்தமையால் தென்பால் மணல் குவிந்தது, வடபால் இராயபுரக் கரை அரிக்கப்பட்டது. 1842இல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக அலைகளின் அருகே எழுப்பப்பட்ட கட்டடம், இன்று விவேகானந்தர் இல்லமாக, பரந்த மணலுக்கு அப்பால் நிற்கிறது. ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில் உலாச்சாலை அமைந்து மெரினா எனப் பெயர் பெற்றது. கடல் விலகியது அண்மைக்கால மனிதச் செயலால். பாசுரங்கள் கூறியது அதற்கு முந்தைய கரையை.

எனவே வியாக்கியானங்களைக் கற்போர் இத்தலப் பாசுரங்களில் வரும் திரையையும் ஓதத்தையும் வெறும் அடைமொழியாகக் கடந்துவிடலாகாது. ஆழ்வார்கள் கண்ட தலத்தின் இயல்பு அவற்றில் பதிந்துள்ளது. இன்றும் மாசி மகத்தன்று பெருமாள் மெரினாக் கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுகிறார். முன்பு ஓதம் ஊரை நாடி வந்தது. இப்போது பெருமாளே மணலைக் கடந்து ஓதத்தை நாடி எழுந்தருளுகிறார். கடலின் தொடர்பை இவ்வுத்ஸவம் காத்துவருகிறது.

கேணிக்கு அத்தகைய காப்பு தானாக வாய்க்காது. நாற்புறமும் தரை மூடப்பட்டு மழைநீர் மண்ணில் இறங்காமல், ஆழ்கிணறுகளால் நிலத்தடிநீர் மிகுதியாக இறைக்கப்படின், உவர்நீர் உட்புகும். கேணி வற்றாது காத்தலும் திருவமுதுபடியை மீட்டலை ஒத்த கைங்கர்யமே. விசையரையன் ஒரு நிலத்தை மீட்டான். இந்நீரைக் காக்கும் பொறுப்பு இக்காலத்து அடியார்களைச் சார்ந்தது.