கண்டெய்னருக்கு வாசல் வெச்ச கதை

'டாக்கர் எக்ஸெக்'னு ஒரு வரி அடிச்சா, ஓடிக்கிட்டிருக்கிற கண்டெய்னருக்குள்ள ஷெல் கிடைச்சுடுது. இந்த வாசல் வர எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா மக்களே?

சுவர் எழுப்புறது பழைய வேலை. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே (1979) 'சிஹெச்ரூட்' வந்தாச்சு. ஃப்ரீபிஎஸ்டி 4.0-ல் (2000) 'ஜெயில்' கட்டினாங்க. ஓடுற ஜெயிலுக்குள்ள நுழைய 'ஜெஎக்ஸெக்' வந்தது 2003-லதான்!

லினக்ஸிலும் இதே கதை. முதல் நேம்ஸ்பேஸ் 2002-ல். அதுக்குள்ள நுழையற 'செட்என்எஸ்' 2011-ல், கெர்னல் 3.0-வோட.

2013-ல் டாக்கர் வந்தப்போ கைவசம் இருந்தது 'அட்டாச்'. அது புது ஷெல் தராது, மெயின் ப்ராசஸோடயே ஒட்டிக்கும். பழக்கதோஷத்துல கன்ட்ரோல்-சி அடிச்சா பல சமயம் கண்டெய்னரே காலி :) அதுக்குப் பயந்து பலர் உள்ளேயே ஒரு எஸ்எஸ்ஹெச் சர்வரையும் ஓட்டினாங்க. 2014 அக்டோபர்ல, 1.3-லதான் 'எக்ஸெக்' பிறந்தது.

அந்த எஸ்எஸ்ஹெச் சர்வருக்குப் பின்னாடி ஒரு தப்பான நினைப்பு இருந்தது: கண்டெய்னர்னா குட்டி மெஷின்னு. இல்லீங்க. அதே கெர்னல்ல ஓடுற ப்ராசஸ்தான், அதுக்குத் தெரியற உலகம் மட்டும் வேற. 'எக்ஸெக்' இன்னொரு ப்ராசஸைக் கிளப்பி, அதே உலகத்தை அதுக்கும் காட்டுது. அவ்வளவுதான் வித்தை.

சுவர் அவ்வளவு மெல்லிசு. அதனால டாக்கர் குரூப்ல ஒருத்தரைச் சேர்க்கும்போது யோசிச்சு சேருங்க. நீங்க கொடுக்கறது கண்டெய்னர் சாவி இல்ல, மொத்த வீட்டோட ரூட் சாவி.