சொல்லாத குழந்தையும் கேட்காத பெரியவர்களும்: 2007 அறிக்கையை மீண்டும் வாசித்தல்

பள்ளிகளில் குழந்தைகளுக்குப் பாதுகாப்புப் பாடம் வேண்டும் என்று எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே எண்ணில் தொடங்குகின்றன: 53.22 விழுக்காடு. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் குழந்தைகள் மீதான வன்கொடுமை குறித்து 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் உள்ள எண் அது. அந்த எண்ணுக்குப் பின் வரும் வாதமும் ஒரே தடத்தில்தான் செல்கிறது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் யாரிடமும் சொல்வதில்லை. நடந்தது தவறு என்றே அவர்களுக்குத் தெரியாததால் சொல்வதில்லை. ஆகவே நல்ல தொடுதல் எது, கெட்ட தொடுதல் எது என்று கற்பித்துவிட்டால் குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளும். இந்த நான்கு கூற்றுகளில் முதல் இரண்டும் அறிக்கையில் உள்ளவை. மூன்றாவதை அறிக்கையின் எண்கள் தரவில்லை, வாசித்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். நான்காவது அந்தச் சேர்க்கையின் மேல் நிற்கிறது.

மூன்றாவது கூற்றை ஏற்க முடியாது என்பதும், அறிக்கையை முழுமையாக வாசித்தால் வேறொரு விளக்கமே வலுப்பெறுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். குழந்தையின் மௌனம் அறியாமையால் வந்தது என்பதைவிட, சொன்னால் என்ன ஆகும் என்ற கணிப்பால் வந்தது என்று கொள்வதற்கே அங்கே கூடுதல் சான்று இருக்கிறது.

முதலில் அறிக்கையின் எல்லைகள். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் தகவல் பெறப்பட்டது. அந்த 13இல் தமிழ்நாடு இல்லை. ‘இரண்டில் ஒரு குழந்தை’ என்று தமிழகக் கருத்தரங்குகளில் சொல்லப்படும்போது இந்த விவரம் விடுபட்டுப்போகிறது. கேரளமும் ஆந்திரமும் பட்டியலில் இருப்பதால் நாமும் இருப்போம் என்ற ஊகமோ என்னவோ. இதைவிட முக்கியமானது, குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட முறை. பள்ளி செல்வோர், பள்ளி செல்லாமல் குடும்பத்தோடு இருப்போர், வேலை செய்வோர், தெருவில் வாழ்வோர், இல்லங்களில் வளர்வோர் என ஐந்து பிரிவுகளிலிருந்து அவர்கள் எடுக்கப்பட்டார்கள். பள்ளிக் குழந்தைகள் ஐந்தில் ஒரு பிரிவு மட்டுமே. கடுமையான பாலியல் தாக்குதல் மிகுதியாகப் பதிவானதோ தெருவில் வாழ்வோர், வேலை செய்வோர், இல்லங்களில் வளர்வோர் ஆகிய பிரிவுகளில்தான். நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருத்திச் சொல்லத்தக்க விகிதம் அன்று அது. இதைக் காட்டி அறிக்கையையே தள்ளிவிடலாம் என்பாரும் உண்டு. நான் அதற்கு உடன்படேன். எத்தனை விழுக்காடு என்று அளக்க உதவாத ஆய்வும், எவ்வகைக் கொடுமைகள் ஒரே குழந்தையின் வாழ்வில் அருகருகே கிடக்கின்றன என்று காட்ட உதவும்.

அடுத்து, 53.22 என்ற தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்ற கேள்வி. அறிக்கை பாலியல் கொடுமையை இரண்டாகப் பிரிக்கிறது. கடுமையானவை என்ற வகைக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை ஆளானது. பிற வகைகளுக்கு ஆளானோர் 50.76 விழுக்காடு. ஒரே குழந்தை இரண்டிலும் வரக்கூடும். பாலியல் தாக்குதலுக்கு ஆளானதாகச் சொன்னோர் 5.69 விழுக்காடு. இவ்வெண்களைவிட வகைகளின் பட்டியல் கூடுதலாகப் பேசுகிறது. குழந்தையை அதன் அந்தரங்க உறுப்புகளைக் காட்டச் செய்வது, நிர்வாணமாகப் படம் எடுப்பது, பெரியவர் தம் உறுப்பைக் குழந்தை முன் காட்டுவது, ஆபாசப் படங்களைப் பார்க்க வைப்பது ஆகியவை அதில் உள்ளன. இவற்றில் எதிலும் பெரியவரின் கை குழந்தையின் மேல் படவேண்டிய தேவை இல்லை. அப்படியானால், தொடுதலை மட்டும் அளவுகோலாக்கும் பாடம், தனக்கு ஆதாரமாகக் காட்டும் அறிக்கையையே பாதிதான் வாசித்திருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012இன் போக்சோ சட்டம் இந்த இடத்தில் பாடநூலைவிடத் தெளிவாக இருக்கிறது: அதன் 11ஆம் பிரிவு காட்டுவதையும், காட்டச் செய்வதையும், பின்தொடர்வதையும், ஆபாசப் படங்களைக் காட்டுவதையும் தனிக் குற்றமாக்குகிறது. கைப்பேசி ஒவ்வொரு வீட்டிலும் புழங்கும் இக்காலத்தில், உடம்பின் படத்தை வரைந்து மூன்று இடங்களைச் சிவப்பு வண்ணத்தால் குறித்துவிட்டு வகுப்பை முடிப்பது போதுமானதன்று.

பாலினம் பற்றி ஒரு குறிப்பு. கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னோரில் 52.94 விழுக்காட்டினர் சிறுவர்கள். சிறுவர்களே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்று இதை வாசிப்பது பிழை. அது ஆளானோருக்குள் உள்ள பங்கு. ஆனால் பெண் பிள்ளைகளை மட்டும் தனி அறையில் உட்கார வைத்துப் பேசி அனுப்பும் வழக்கத்துக்கு அந்த எண் இடம் தரவில்லை.

இனி, எல்லோரும் புரட்டிக் கடந்துபோகும் பக்கங்களுக்கு வருவோம். அதே அறிக்கை உடல்சார் கொடுமையையும் தனி இயலாக அளந்திருக்கிறது. பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர், அதாவது மூவரில் இருவர், பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். குடும்பச் சூழலில் உடல்சார் கொடுமைக்கு ஆளானவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர்கள் பெற்றோர். பாலியல் கொடுமை இழைத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது குழந்தையின் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த நான்கு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். பாதுகாப்புப் பாடம் குழந்தைக்குச் சொல்லும் வழி மூன்று படி கொண்டது: வேண்டாம் என்று சொல், அங்கிருந்து விலகு, நம்பிக்கையான பெரியவரிடம் போய்ச் சொல். நம்பிக்கையான பெரியவர் யார் என்று கேட்டால் பாடம் அம்மா, அப்பா, ஆசிரியர் என்கிறது. குழந்தையை அடிப்பவர்கள் யார் என்று கேட்டு அறிக்கை பெற்ற விடையும் அம்மா, அப்பா, ஆசிரியர். வீட்டுப்பாடம் எழுதாததற்கு அடி, எதிர்த்துப் பேசியதற்கு அடி, பென்சிலைத் தொலைத்ததற்கு அடி என்று வளர்ந்த குழந்தை, வெளியில் சொல்லவே கூசும் ஒன்றை அதே கைகளிடம் கொண்டுபோகத் தயங்குவது அறியாமை ஆகாது. தான் வாழும் உலகத்தை அது சரியாகவே கணித்திருக்கிறது. ‘நீ எதுக்கு அங்க போனே?’ என்ற முதல் கேள்வியை எதிர்பார்க்கும் அளவுக்கு அதற்கு அனுபவம் உண்டு.

இங்கே நான் உரிமை கோரும் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். அடி வாங்கிய குழந்தையே பாலியல் கொடுமையைச் சொல்லாத குழந்தை என்று இந்தச் சான்று நிறுவிவிடாது. இரண்டு இயல்களின் எண்களை ஒரே மக்கள்தொகுதியின் எண்களாக அருகில் வைப்பதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. காரண உறவு என்பது அடுத்த படி. ஆயினும் மௌனத்துக்கு அறியாமையே காரணம் என்ற வாசிப்புக்கு இந்த அளவு ஆதாரமும் கிடையாது. இரண்டு ஊகங்களில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆகவேண்டும் என்றால், அதே குழந்தைகள் தம் வாயால் சொன்ன செய்தியோடு இசைந்துபோகும் ஊகத்தையே நான் தேர்வேன்.

வெளிநாட்டுச் சான்றுகளும் இதற்கு மாறாக இல்லை. பள்ளிவழிப் பாதுகாப்புக் கல்வி பற்றி 2015இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 24 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 5,802 குழந்தைகளையும் ஆராய்ந்தது. அமெரிக்கா, கனடா, சீனா, ஜெர்மனி, ஸ்பெயின், தைவான், துருக்கி ஆகிய இடங்களில் நடந்தவை அவை. இந்தியச் சோதனை ஒன்றும் இல்லை. பாடம் கேட்ட குழந்தைகளின் அறிவு கூடியது. பாடத்தால் பயமோ கேடோ விளைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கொடுமை குறைந்ததா என்ற கேள்விக்கு அந்தச் சோதனைகளிலிருந்து விடை பெற முடியவில்லை. இதைப் பாடம் பயனற்றது என்பதற்குச் சான்றாக எடுப்போர் அவசரப்படுகிறார்கள். குழந்தைக்கு அறிவு கூடுவது நல்லதே. அந்த அறிவைக் கொண்டு குழந்தை வந்து நிற்கும் இடத்தில் யார் இருக்கிறார் என்பதை இந்த வகைச் சோதனைகள் அளக்கவில்லை.

இது தொடர்பான பழைய சண்டை ஒன்றை ஓரிரு வரிகளில் கடந்துவிடலாம். வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் பல மாநிலங்கள் நிறுத்தின. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் குழந்தைக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்றே வாதிட்டார்கள். கற்க வேண்டிய ஒரே ஆள் குழந்தைதான் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

அடிப்பது வேறு, பாலியல் குற்றம் வேறு, இரண்டையும் முடிச்சுப்போடக் கூடாது என்ற மறுப்பு வரும். குற்றங்களின் தன்மையில் அவை வேறுதான். குழந்தையின் உடலில் அவை ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன: பெரியவர் உன் உடம்பில் செய்வதை நீ தடுக்கக் கூடாது. காலை இரண்டாம் பிரிவேளையில் ‘கையை நீட்டு’ என்று சொல்லிப் பிரம்பால் அடித்த ஆசிரியர், பிற்பகலில் ‘உன் உடல் உனக்குச் சொந்தம்’ என்று சுவரொட்டியைக் காட்டினால், குழந்தை எதை நம்பும்? பெற்றோரே ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள் என்பதும் உண்மை. அது ஆசிரியருக்கான அனுமதி ஆகாது. பெற்றோரையும் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதற்கே காரணம் ஆகும். பிரம்பு இல்லாமல் ஒழுங்கு வராது என்ற வாதத்தோடு இங்கே நேரம் செலவிடத் தேவையில்லை.

சட்டம் இந்தத் திசையில் எப்போதோ நகர்ந்துவிட்டது. உடல் தண்டனையை அனுமதித்த தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்தது. அதன் பின்னும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் உடல் தண்டனை ஒழிப்பு வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. போக்சோவின் 19ஆம் பிரிவு குற்றத்தை அறிந்தவர் புகாரளிப்பதைக் கடமையாக்குகிறது. தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு, நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. இந்தத் தண்டனைப் பிரிவு குழந்தைக்குப் பொருந்தாது என்று அதே பிரிவு சொல்கிறது. சொல்லும் கடமை பெரியவருடையது என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. 2020இன் போக்சோ விதிகளில் 3ஆவது, வயதுக்கேற்ற பாதுகாப்புப் பாடத்திட்டத்தை அரசுகள் தயாரிக்க வேண்டும் என்கிறது. 1098 என்ற உதவி எண்ணும் அதில் வருகிறது. வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்தப் பாடமும் எண்ணும் மட்டும்.

ஆகவே பாடத்தின் வரிசை மாறவேண்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் ‘சொல்’ என்று கூறும் முன், அந்தப் பள்ளியில் சொல்வதைக் கேட்கப்போகிறவர் யார், கேட்டதும் முதல் வாக்கியம் என்ன பேசுவார், அன்றே யாரிடம் புகார் எழுதுவார் என்பது ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். சமையலர், காவலாளி, வாகன ஓட்டுநர் உட்பட எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். பிரம்பு இருக்கும் பள்ளியில் பாதுகாப்புப் பாடத்தை நடத்தியதாகப் பதிவேட்டில் எழுதக் கூடாது. பள்ளிக்கே வராத குழந்தைகளை இந்தப் பாடம் எட்டாது; அவர்களுக்கு வேலையிடத்திலும் தெருவிலும் வேறு ஏற்பாடு தேவை, அது தனிக் கட்டுரைக்குரியது.

அடுத்த ஆய்வு தமிழ்நாட்டையும் உள்ளடக்கி நடக்குமானால், இரண்டு கேள்விகளை அதில் கட்டாயம் சேர்க்க வேண்டும்: யாரிடம் சொன்னாய், அவர் என்ன செய்தார்? அந்த விடைகளை, அதே குழந்தை வீட்டிலும் பள்ளியிலும் அடி வாங்கியதா என்ற விடையோடு குறுக்காக அட்டவணைப்படுத்த வேண்டும். இக்கட்டுரை ஊகமாக விட்டிருக்கும் இணைப்பை அந்த அட்டவணை உறுதிசெய்யலாம், மறுக்கவும் செய்யலாம்.