திண்ணைப் பள்ளியின் விடியற்காலை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் ஒரு கணக்குக் கேட்டார். உங்கள் பகுதியில் பள்ளிக்கூடங்கள் எத்தனை, படிக்கும் பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள்? பலர் கட்டங்களில் எண்களை நிரப்பி அனுப்பியதோடு சரி. பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை அப்படிப்பட்டதல்ல. அதில் பள்ளிக்கூடத்தின் ஒரு நாளே இருக்கிறது. காலை 6 மணிக்குப் பள்ளி கூடும். முதலில் வந்து சேர்ந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வந்தவனுக்கு ஒரு சுழி. பாராட்டும் கிடையாது, பழியும் கிடையாது. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கூடிக்கொண்டே போகும். பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் புழங்கிய சீமை. ஆனாலும் விடியலிலேயே கூடுவது, மணலில் எழுதுவது, மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற இந்த ஒழுங்கு தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளுக்கும் பொதுவானதுதான்.

அன்றாடப் பழக்கத்தை மன உறுதியின் விளைவாகப் பார்ப்பதே இன்றைய வழக்கம். அலாரம் வைத்து எழுகிறவன் வைராக்கியசாலி, நான்காம் நாள் விட்டுவிட்டவன் சோம்பேறி. திண்ணைப் பள்ளியின் வரலாறு இந்த எண்ணத்துக்கு ஒத்துவரவில்லை. விஜயதசமியன்று திண்ணையில் கொண்டுவந்து உட்கார வைக்கப்பட்ட ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன வைராக்கியம் இருந்திருக்கும்? அவனை ஆண்டுக்கணக்கில் ஒரே வேலையைத் தினமும் செய்ய வைத்தது அவனுக்குள் இருந்த எதுவும் அல்ல, அவனைச் சுற்றியிருந்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு மிகச் சாதாரணமான பொருள்களால் ஆனது: மணல், குரல், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை, கணக்கு வாய்பாடான எண்சுவடி.

எண்சுவடியையே எடுத்துக்கொள்வோம். தமிழ்க் கணக்கில் பிள்ளை ஒன்று, இரண்டோடு நின்றுவிட முடியாது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதன் இரட்டிப்பு அரைக்காணி, அதன் இரட்டிப்பு காணி. அதற்கு மேல் மா, வீசம், அரைக்கால், கால், அரை என்று போகும். நெல்லை அளக்கவும், நிலத்துக்குக் குழி பார்க்கவும், கூலி பிரிக்கவும், வட்டி போடவும் இவை இல்லாமல் முடியாது. இவ்வளவையும் ஒருவன் தனியே உட்கார்ந்து மனப்பாடம் செய்ய முயன்றால் ஒரு வாரத்தில் வெறுத்துப் போயிருப்பான். திண்ணையில் ஒரு நாளுக்கு ஒரு சிறு படிதான். சட்டாம்பிள்ளை ஓர் அடி சொல்ல, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லியபடியே விரலால் மணலில் எழுதுவார்கள். தப்பினால் மணலைத் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். ஓலையும் எழுத்தாணியும் கை பழகிய பிறகுதான். கூட்டத்தில் வாய் ஓய்ந்தவன் உடனே தெரிந்துவிடுவான். இரவுக்கும் ஒரு சிறு வேலை உண்டு. ஆசிரியர் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர் சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவார். மறுநாள் காலை அதை மறவாமல் ஒப்பிக்க வேண்டும். 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரே ஒரு பெயரை ஓர் இரவு முழுக்கக் காப்பாற்றுவது என்பது எந்தப் பிள்ளையாலும் முடிகிற காரியம். ஆண்டு முழுக்க அது நடந்தால் கதையே வேறு. இடையில் அமாவாசை, பௌர்ணமி என்று வாவு விடுமுறையும் வந்துவிடும். ஓய்வு நாளும் முன்கூட்டியே குறித்துவைக்கப்பட்டிருந்ததால், வராமல் இருப்பதற்கு வேறு சாக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

இதெல்லாம் பிரம்பின் வேலைதானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. திண்ணைப் பள்ளியின் தண்டனைகள் கொடியவை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத்தை எந்த வாதத்தாலும் நல்லதாக்க முடியாது. ஆனால் பயம் பிள்ளையைத் திண்ணை வரைக்கும்தான் கொண்டுவரும். பள்ளியை விட்டுப் பத்தாண்டு கழித்துக் களத்துமேட்டில் நிற்கிறவன் ஓலையும் எழுத்தாணியும் இல்லாமல் விளைச்சல் வாரத்தைப் பிரித்துச் சொன்னபோது அவன் முதுகுக்குப் பின்னால் பிரம்பு இல்லை. இதைவிட வலுவான சான்று எழும்பூரில் இருக்கிறது. அங்கிருந்த ஆண் அநாதை விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தம் விடுதியில் நடைமுறையாக்கினார். கீழ் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க எட்டு வயதுப் பையன் ஒருவனையே அமர்த்தினார். மாணவர்களே மாணவர்களைக் கவனித்துக்கொண்டதால் தண்டனை பெரும்பாலும் தேவையற்றுப் போனது என்பது அவர் வாதம். 1797இல் லண்டனில் வெளியான அவருடைய நூல் அதைத்தான் சொல்கிறது. தம் முறையைப் பற்றி அவர் கொஞ்சம் மிகையாகப் பேசியிருக்கலாம். அப்படியே கழித்துப் பார்த்தாலும், பிரம்பையும் ஒழுங்கையும் பிரித்தெடுக்க முடியும் என்பது மிச்சம் நிற்கிறது.

இன்னொரு மறுப்பைக் கேம்ப்பெல்லே எழுப்பியிருக்கிறார். குறைந்த செலவில் பிள்ளைகள் படிப்பதையும் மூத்தவன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் மெச்சி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்று எழுதிய அதே கையால், பொருள் புரியாத செய்யுள்களைப் பிள்ளைகள் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதாகவும் எழுதினார். செய்யுளைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் உண்மை உண்டு. கணக்குக்கு அது பொருந்தவில்லை. தமிழ்க் கணக்கு மரபை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கே நினைவு என்பது கற்றலுக்கு வெளியே நிற்கும் துணைக்கருவி அல்ல, கற்கும் முறையே அதுதான் என்று காட்டுகிறார். முந்திரியிலிருந்து கூட்டிக் கூட்டி மேலே ஏறும் பிள்ளை, எண்கள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படி உண்டாகின்றன என்பதையும் சேர்த்தே பழகுகிறான்.

இந்தப் படிப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்ற மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை. 1826இல் மன்றோ தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் பெண்கள் 4,540 பேர். ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே கிடையாது. தினப் பழக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு ஊருக்குள்ளேயே இருந்தும் அது சிலருடைய வீட்டு வாசலில் மட்டும் இருந்தது. பழக்கம் தனிமனித வைராக்கியம் என்று நம்புகிறவர்கள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். ஏற்பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் படிப்பின்மை அவனுடைய சோம்பலாகக் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த ஒழுங்கு தளர்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. திண்ணை ஆசிரியர் பெற்றோர் கொடுத்த காசையும் தானியத்தையும் நம்பி வாழ்ந்தவர். பிள்ளை வராவிட்டால் அவர் பிழைப்பே கெடும். ஆகவே வராதவனை இழுத்துவரச் சட்டாம்பிள்ளை ஆட்களோடு கிளம்பிவிடுவான். 1860களில் தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் என்ற முறை வந்தது. பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதைப் பொறுத்து அரசின் பணம். ஒவ்வொரு விடியலிலும் நடந்த கணக்கெடுப்பின் இடத்தை ஒரு நாள் பரீட்சை பிடித்துக்கொண்டது. பரீட்சைக்கு முந்தின வாரம் விழுந்து விழுந்து படிக்கும் நம் வழக்கத்துக்கு ஒரு வேர் இங்கே இருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

ஆனாலும் எண்சுவடி உடனே சாகவில்லை. கடைத்தெருவும் களத்துமேடும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. பள்ளியில் விட்டுப்போனதைக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் முதலாளியிடம் பழகிக்கொண்டான். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. ரூபாய் 16 அணாவாக இருந்தவரை ஓர் அணா என்பது ஒரு வீசம். நயா பைசா வந்த பிறகு அந்தப் பங்கால் காசை எண்ண முடியாது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோகிராமும் லிட்டரும் மீட்டரும் படியையும் மரக்காலையும் ஓரங்கட்டின. வீசமும் மாவும் தெரிந்த கணக்குப்பிள்ளைகள் அதற்குப் பிறகும் இருந்தார்கள். அவர்களிடம் அந்தக் கணக்கைப் போடச் சொல்லத்தான் ஆளில்லை.