குறைந்த சாட் மதிப்பெண்: விண்ணப்பத்தில் காட்டுவதா, விடுவதா?

அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் வசிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். சாட் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டால், "காட்டாமல் விட்டுவிடலாமா? அது மோசடி ஆகிவிடாதா?" என்ற கவலை பெற்றோருக்கு வருகிறது. முதலில் விதியை அறிவோம்.

விதி என்ன?

சாட் தேர்வின் உச்ச மதிப்பெண் 1600, ஏசிடி தேர்வுக்கு 36. 2020-இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது, மதிப்பெண் அனுப்புவதை ஏராளமான கல்லூரிகள் மாணவரின் விருப்பத்துக்கு விட்டன. இன்று மூன்று வகைக் கல்லூரிகள் உள்ளன.

1. கட்டாயம் கேட்பவை: எம்ஐடி 2022-இல் இதற்குத் திரும்பியது. டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு ஆகியவை 2024-இல் அறிவித்தன.

2. விருப்பத்துக்கு விடுபவை: அனுப்பினால் பார்ப்பார்கள், அனுப்பாவிட்டால் மற்றவற்றைக் கொண்டு முடிவு செய்வார்கள்.

3. பார்க்கவே செய்யாதவை: பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகங்கள் அடங்கிய கலிபோர்னியா பல்கலைக்கழகம் இவ்வகை.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், அந்தந்த ஆண்டு கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. வாங்குபவர் நம்பி ஏமாறும் விதத்தில் குறையை மறைத்ததே அங்கே குற்றம். "விரும்பினால் காட்டுங்கள்" என்று கல்லூரியே சொல்லியிருக்கும்போது அந்த ஏமாற்று இங்கே இல்லை. எனவே, அனுமதித்த இடத்தில் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்பதே நம் கருத்து.

ஆனால் எல்லை உண்டு. எழுதாத தேர்வை எழுதியதாகச் சொல்வதும், 1180-ஐ 1380 என்று பதிவதும் பொய். விண்ணப்பத்தில் உள்ளவை உண்மை என்று பிள்ளை கையொப்பமிடுகிறது. பொய் வெளிப்பட்டால், கிடைத்த இடமும் பறிபோகும். எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் கேட்கும் கல்லூரிக்கு எல்லாவற்றையும் கொடுத்தே ஆக வேண்டும்.

எப்போது அனுப்பலாம்?

பல கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. சேர்ந்த மாணவர்களில் நடுவிலுள்ள 50 சதவீதத்தினரின் மதிப்பெண் வரம்பு அதில் இருக்கும். உதாரணமாக, வரம்பு 1300 முதல் 1450 வரை என்று வைத்துக்கொள்வோம்.

• 1300-க்கு மேல் இருந்தால் பொதுவாக அனுப்பலாம்.

• மிகக் கீழே இருந்தால் அனுப்பாமல் விடுவது பொருத்தம்.

• சற்றே கீழே இருந்தால் அவசரப்பட வேண்டாம். குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அனுப்பாமல் விடுவதால் இந்த வரம்பே உயர்ந்து தெரிகிறது. வசதி குறைந்த பின்னணியிலிருந்து வரும் மாணவர்கள், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணையும் அனுப்பாமல் விட்டதை டார்ட்மவுத் ஆய்வு 2024-இல் எடுத்துக்காட்டியது. பிள்ளை படித்த பள்ளியின் சூழலோடு சேர்த்தே மதிப்பெண் பார்க்கப்படுகிறது.

சில உதவித்தொகைகளுக்கு மதிப்பெண் தேவைப்படலாம், அதையும் விசாரியுங்கள். அனுப்பாவிட்டால் பள்ளி மதிப்பெண், கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை ஆகியவற்றின் மீது முழுச் சுமையும் விழும். அவை பலமாக இருக்கின்றனவா என்று பார்த்தே முடிவெடுங்கள். அவகாசம் இருந்தால் மறுபடியும் தேர்வு எழுதலாம்.

பெற்றோருக்கு

பிள்ளையை உட்காரவைத்து மஷ்வரா செய்யுங்கள். பள்ளி ஆலோசகரிடமும் கேளுங்கள். பிறகு பிள்ளையே இஸ்திகாரா தொழுது முடிவெடுக்கட்டும். உறவினர் பிள்ளையின் மதிப்பெண்ணை அந்த நேரத்தில் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எந்தக் கல்லூரியில் ரிஸ்க் எழுதப்பட்டிருக்கிறதோ அது பொய்யின்றியே வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.