குற்ற ஒப்புதலும் பேரமும்

ஆங்கிலப் பொதுச் சட்ட மரபு, குற்றஞ்சாட்டப்பட்டவன் தானே குற்றத்தை ஒப்புக்கொள்வதை ஐயத்துடனேயே நோக்கியது. 1804ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மன்றிலே ஒருவன் கொலைக்குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, நீதிபதிகள் மீளச் சிந்திக்க அவகாசமளித்தனர். மன்னிப்பாசை காட்டப்பட்டதோவெனச் சிறைக்காவலரையும் விசாரித்தனர்.

பின்னர் வழக்குகள் பெருகவே, ஒப்புதலுக்கு ஈடாகத் தண்டனையைக் குறைக்கும் பேரம் வழமையாயிற்று. 1970இல் அமெரிக்க உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. அக்காலத்திலே கென்ரக்கியில் 88 டொலர் 30 சதத்துக்குப் பொய்க் காசோலை மாற்றியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஹேய்ஸ் என்பார், ஐந்தாண்டுச் சிறையை ஏற்க மறுத்து விசாரணை கோரினார். வழக்குத்தொடுநர், முன்னரே எச்சரித்தவாறு, பழங்குற்றங்களைச் சுட்டிக் கடுமையான சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டவே, ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. 1978இல் உயர்நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அதனை நிலைநிறுத்தியது.

பேரத்தால் காலமும் பொருளும் மிஞ்சுதல் உண்மையே. ஆயின், விசாரணை கோரும் உரிமைக்கே விலை குறிக்கப்படின், குற்றமற்றவனும் அஞ்சித் தலைவணங்குவான். ஒப்புதல் மனமுவந்ததோவென்னும் 1804ஆம் ஆண்டின் வினா இன்றும் நீதியின் உரைகல்லாகும்.