லண்டனில் மட்டும் நடந்த பரீட்சை

இன்னைக்கு எபிசோட் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கிறவங்களுக்காக. படிக்காதவங்களும் தாராளமா கேக்கலாம். வரலாறுதானே, எல்லாருக்கும் பொதுவானது.

நவீன இந்திய வரலாறு படிக்கிறவங்க நோட்டைத் திறந்தா, சில வருஷங்கள் கண்டிப்பா இருக்கும். 1853, சாசனச் சட்டம். 1863, சத்யேந்திரநாத் தாகூர். 1878, வயது வரம்பு குறைப்பு. 1885, காங்கிரஸ். 1922, இந்தியாவிலும் ஐ.சி.எஸ். தேர்வு. தனித்தனியா மனப்பாடம் பண்ணினா, ராத்திரி படிச்சது காலையில இருக்காது. ஆனா இது அஞ்சும் ஒரே கதை. நீங்க எழுதப் போற தேர்வு இந்தியாவுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற கதை.

1853க்கு முன்னாடி எல்லாமே சிபாரிசுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தங்களுக்கு வேண்டியவங்க வீட்டுப் பையன்களை நியமிப்பாங்க. அவங்க ஹெய்லிபரி கல்லூரியில் படிச்சிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவாங்க. 1853 சட்டம் இந்த வழக்கத்தை நிறுத்தி, திறந்த போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் மெக்காலே தலைமையிலான குழு பாடத்திட்டம் வகுத்தது. 1855இல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது.

அந்தக் குழு வகுத்த மதிப்பெண்களைக் கொஞ்சம் பாருங்க. ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு சேர்த்து 1500. கணிதம் 1000. கிரேக்கம் 750, லத்தீன் 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375தான். இந்திய வரலாறு? அது நுழைவுத் தேர்விலேயே இல்லை. தேர்வானவங்க பயிற்சிக் காலத்தில் படிக்க வேண்டிய பாடம் அது. அதாவது, உள்ளே போக இங்கிலாந்தின் வரலாறு தெரியணும். ஆளப்போற நாட்டின் வரலாற்றை அப்புறமா படிச்சுக்கலாம்.

சட்டப்படி இந்தியர்களுக்குத் தடை எதுவும் கிடையாது. ஆனா கப்பல் செலவு, லண்டனில் தங்கிப் படிக்கிற செலவு, கடல் தாண்டினா சாதியிலிருந்து தள்ளிவைப்பாங்களோ என்ற பயம், இத்தனையும் கடக்கணும். முதல் இந்தியரா சத்யேந்திரநாத் தாகூர் தேர்வானது 1863இல்தான்.

அடுத்து 1869. சுரேந்திரநாத் பானர்ஜி, ரமேஷ் சந்திர தத், பிஹாரி லால் குப்தா மூணு பேரும் பாஸ். அங்கேதான் ஒரு சிக்கல். பானர்ஜி முன்னாடி பள்ளியிறுதித் தேர்வுக்குக் கொடுத்த வயசும் இங்கே கொடுத்த வயசும் ஒத்துப்போகலைன்னு பட்டியலிலிருந்து பெயரை எடுத்துட்டாங்க. காரணம் ரொம்ப எளிமை. நம்ம ஊர்ல பாட்டிகள், “பதினஞ்சு முடிஞ்சு பதினாறு நடக்குது”ன்னு சொல்வாங்களே, அந்தக் கணக்கில் அவர் முதலில் சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் முடிஞ்ச வயசுதான் கணக்கு. அவர் நீதிமன்றம் போய் வேலையைத் திரும்ப வாங்கினார். ஆனா 1874இல் அரசு அவரைப் பணிநீக்கம் செய்தது.

அப்புறம்தான் கதை சூடு பிடிக்குது. அதிகபட்ச வயதை 21இலிருந்து 19ஆகக் குறைக்க பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்தது. 1878 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 19 வயசுக்குள்ள இங்கே படிப்பை முடிச்சு, லண்டன் போய், கிரேக்கமும் லத்தீனும் தேறி, ஆங்கிலேயப் பையன்களோடு போட்டி போடணும்னா எத்தனை பேரால முடியும்? இதை எதிர்த்து 1877இல் பானர்ஜி ஊர் ஊராப் போய்க் கூட்டங்கள் போட்டார். மாகாணங்களைத் தாண்டி, படித்த இந்தியர்கள் ஒரே கோரிக்கைக்காகச் சேர்ந்த தொடக்ககால இயக்கங்களில் இது முக்கியமானது. 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ், இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஒரே நேரத்தில் தேர்வு நடத்தணும்னும் வயது வரம்பை உயர்த்தணும்னும் தீர்மானம் போட்டது. 1893இல் பிரிட்டிஷ் மக்களவையே ஒரே நேரத் தேர்வுக்கு ஆதரவா தீர்மானம் நிறைவேற்றியும், அரசு அசையலை. கடைசியில் 1922இல்தான் அலகாபாத்தில் தேர்வு நடந்தது. காங்கிரஸ் தீர்மானத்திலிருந்து கணக்குப் போட்டா 37 வருஷம்.

ஒண்ணை மறக்கக் கூடாது. இது ஆங்கிலம் படித்த ஒரு சின்ன வர்க்கத்தின் கோரிக்கை. அதே காலத்தில் வரியிலும் கடனிலும் பஞ்சத்திலும் சிக்கியிருந்த விவசாயிக்கு ஐ.சி.எஸ். வயது வரம்பு ஒரு பிரச்சினையே இல்லை. “விமர்சனப்பூர்வமாக ஆராய்க”ன்னு மெயின்ஸில் கேட்டா, இந்த இடத்தைத் தொடாத விடை பாதி விடைதான்.

ஆனாலும் அந்தத் தேர்வில் ஜெயிச்சவங்களில் சிலர் பின்னாடி என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. ரமேஷ் சந்திர தத் ஓய்வுக்குப் பிறகு இந்தியாவின் பொருளாதார வரலாற்றை எழுதினார். பிரிட்டிஷ் ஆட்சியில் நாட்டின் செல்வம் எப்படி வெளியே போச்சுன்னு இன்னைக்கு நீங்க படிக்கிற பாடத்தில் அவர் பெயர் இருக்கும். சுபாஷ் சந்திர போஸ் 1920இல் நாலாவது இடம் பிடிச்சார். 1921இல் வேண்டாம்னு ராஜினாமா கொடுத்தார்.

1926இல் பொதுப்பணித் தேர்வாணையம் வந்தது. 1950 ஜனவரி 26 முதல் அது யூ.பி.எஸ்.சி. ஆனது. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979 முதல், தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் மெயின்ஸ் விடை எழுதலாம்னு ஆச்சு. லத்தீனுக்கு 750 மதிப்பெண் கொடுத்த பாடத்திட்டத்தில் தமிழ் விடைத்தாளுக்கு இடமே இருந்திருக்காது.

அதனால, அடுத்த தடவை ஒரு வருஷத்தை அடிக்கோடிடும்போது பக்கத்தில் மூணு கேள்வி எழுதி வைங்க. இந்த முடிவால் யாருக்குக் கதவு திறந்தது? யாருக்கு மூடினது? மூடினதை எதிர்த்து அடுத்து யார் என்ன செஞ்சாங்க? மூணாவது கேள்விக்கான பதில்தான் பெரும்பாலும் உங்க நோட்டில் அடுத்த வருஷமா இருக்கும். வயது வரம்பு, எத்தனை முறை எழுதலாம், எந்த மொழியில் எழுதலாம்னு இன்னைக்கும் நடக்கிற சண்டைகளும் இதே கேள்விகளிலிருந்து வர்றதுதான்.

நல்லாப் படிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.